மஞ்சள் முள்

பட்டிப்பொல ஸ்டேசனைத் தாண்டி லொறி நிற்கும்.
அதற்கு மேல் நடை.
இவ்வளவு உயரத்துக்கு அட்டை ஏறாது,
குளிர் அதற்கும் ஆகாது.
ஆனாலும் ஜெயசீலி
கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்து வந்திருக்கிறாள்.
கேட்டால், கை தானாப் போகுது என்கிறாள்.

ஆறு பேர். ஆளுக்கொரு மண்வெட்டி, ஒரு சாக்கு.
பியால் மாத்தயா கையில் மட்டும் வரைபடம்.

முதலில் புல்வெளி.
கொழுந்து மலையில்
கால் வைக்கிற இடத்தை யாரோ முன்பே முடிவு செய்திருப்பார்கள்,
நிரை நிரையாக.
இங்கே ஒவ்வொரு அடிக்கும் காலே யோசிக்கிறது.
தை மாதத்துப் பனி
மிதித்தால் பொரித்த அப்பளமாய் நொறுங்குகிறது.
மகாரத்மல் மரங்கள் தனித்தனியே,
முறுக்கிப் பிழிந்துவிட்டுக்
காயப்போட மறந்த துணிகள்.
ஒன்றில் மட்டும் காலம் தெரியாமல் ஒரு சிவப்புக் கொத்து.

மரை போன தடம். புழுக்கையில் இன்னும் சூடு.
"நம்ம பேச்சு கேட்டுத்தான் ஓடியிருக்கு" என்றாள்,
அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே வந்தாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் அவளும் நிறுத்திவிட்டாள்.

மழை இல்லை, ஆனால் சொட்டுகிறது.
பிடித்து வைத்த முகிலை
மரங்கள் சில்லறையாகச் செலவழிக்கின்றன.
பாசிக்குள் கை வைத்தேன்.
மணிக்கட்டு வரை போயும் மரம் வரவில்லை.
எங்கோ ஒரு குருவி
துருப்பிடித்த கீல் மாதிரி ஒரே ஒரு தரம்;
பிறகு கதவு மூடிய அமைதி.

ஒரு பக்கம் முழுக்க வெளுத்துச் செத்த மரங்கள்.
எதனால் என்று கேட்டேன்.
"ஆராய்ச்சி நடக்குது" என்றார் மாத்தயா.
மரங்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

காடு முடிகிற இடத்தில் சதுப்பு.
இடுப்பளவு மூங்கில், அதற்கப்பால்
எந்தத் தோட்டத்திலும் பறிக்காத சாயத்தில்
ஆறிப்போன தேத்தண்ணியாய்க் கறுத்த நீர்.
பார்த்தால் தரை.
ஒரு மிதிக்கு மெத்தை.
மறு மிதிக்கு முழங்கால்.
என் சப்பாத்தை உறிஞ்சிக்கொண்டது.
கைவிட்டுத் துழாவியபோது
விரலில் ஏறியது நகத்தளவு தவளை,
என் சூட்டை அளந்து பார்த்து,
பிடிக்காமல் குதித்தது.

மேலே ஏறினால் சரிவு முழுக்க மஞ்சள்.
அழகு என்றுதான் முதலில் வாயில் வரும்.
வாசம்கூட, அப்போது பிழிந்த தேங்காய்ப்பால்.
கிட்டப் போனால்தான் தெரிகிறது,
இலை இருக்க வேண்டிய இடமெல்லாம் முள்.

"வெள்ளைக்காரன் காலத்தில வந்தது.
இந்த மண்ணுக்குச் சொந்தமில்ல.
வேரோட எடுக்கணும்,
விதை எத்தனையோ வருசம் கிடந்து முளைக்கும்."
எங்களுக்காகத் தமிழில்தான் சொன்னார்,
சொல் சொல்லாகத் தேடி.

ஜெயசீலி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:
"கப்பல்லயா மாத்தயா வந்துச்சு?"
"ஓ, கப்பல்லதான்."
"மன்னார்ல இறங்கி நடந்து வந்திருக்குமோ?"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.
மாத்தயாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி,
பிறகு வரைபடத்தை விரித்து
அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்தோம்.
வேர் வரும்போது தையல் பிரிகிற சத்தம்.
பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.
புல் வேண்டும், மரை மேய வேண்டும்,
அதெல்லாம் தெரிந்துதான் இழுத்தேன்.
என் கணக்கில் ஐம்பத்திரண்டு.
ஐம்பத்து மூன்றாவது ரொம்பச் சின்னது, சுண்டுவிரல் உயரம்,
உட்கார்ந்து பார்த்தேன்,
அதையும் எடுத்தேன்.

இறங்கும்போது வாயிலில் சப்பாத்தைக் கழுவச் சொன்னார்கள்.
விதை ஒட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விடுமாம்.
பிரஷ் ஒன்று, வாளி ஒன்று, ஆறு பேர் வரிசையில்.

லொறியில் அவள் என் உள்ளங்கையை விரித்து வைத்து
சட்டை ஊக்கால் நெம்பினாள்.
பாதி வந்தது. பாதி முறிந்தது.
"உள்ளயே இருந்துட்டுப் போகட்டும், விடு" என்றவள்
ஒவ்வொரு வளைவிலும்
என் கையை எடுத்து மறுபடி பார்த்தாள்.